நிஜ அடி

ராஜ்கமலின் நடனத்தைப் பார்த்துவிட்டு நெல்லித்தோப்பில் அவன் தெருக்காரர்கள் கேட்ட ஒரே கேள்வி, "தம்பிக்கு வலிப்பு எத்தினி நாளா இருக்குது?" என்பதுதான். பெங்களூரில் ஆனால் கைதட்டினார்கள். கொச்சியில் எழுந்து நின்றே தட்டினார்கள். 'வளரும் நடன அமைப்பாளர்' என்று மூன்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. எத்தனை வருஷம்தான் வளர்ந்துகொண்டே இருப்பது என்று அவனுக்கே அலுத்துப்போயிற்று.

அதற்குத்தான் இந்தப் புதுப் படைப்பு. மில் வாசலில் ஓர் அடியாள் தொழிலாளி ஒருவனை அடித்துப் போடுகிற கதை. தொழிலாளி ராஜ்கமலேதான். பிரான்சில் ஒரு பெரிய விழாவுக்கு ஆள் பொறுக்கும் அம்மாள் நேரில் பார்க்க வருகிறாள். அவன் குழுவில் யார் அடித்தாலும் சந்தனம் பூசுவதுபோல் இருந்தது.

ஆகவே பக்கத்துச் சாரம் பகுதியில் இருந்த அருள்முருகனைத் தேடிப் பிடித்தான். ஒரு காலத்தில் கூலிக்குக் கைகால் முறித்தவர். ஜெயிலிலிருந்து வந்தபின் மனைவி ஜெயத்தின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, நாலு வருஷமாக யார்மேலும் கை படாமல் மீன் பெட்டி தூக்குகிறார்.

ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மூலக்குளத்தில் ஒரு மண்டபம் சல்லிசாகக் கிடைத்தது. ஒத்திகையில் அருள்முருகனின் முஷ்டி பாய்ந்து வந்து மூக்குக்கு இரண்டு விரல்கடை தள்ளி நின்றுவிடும்.

"படாம அடிக்கிறீங்களேண்ணே?"

"பட்டா நிறுத்த வராது மாஸ்டர். ஜெயத்துக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"மூணே அடி. நான் விழுந்து அசையாம கெடப்பேன். நீங்க நடந்து போயிடுறீங்க."

"வேணாம் மாஸ்டர்."

"உங்களுக்கு நெசமாவே அடிக்கத் தெரியுமா, இல்ல ஊர்ல சும்மா கெளப்பிவுட்டதா?"

பத்து நாள் இதையே கேட்டான். கலைக்காகக் கலைஞன் எதையும் தியாகம் செய்வான், குறிப்பாக அடுத்தவன் சத்தியத்தை.

அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்த அன்று முதல் அடி நிஜமாக விழுந்தது. காதுக்குள் சங்கு ஊதியது. இரண்டாவதில் உதடு கிழிந்து பல் ஒன்று நாக்கின்மேல் வந்து கிடந்தது. மூன்றாவது வயிற்றில். ராஜ்கமல் விழுந்தான். அழகாகத்தான் விழுந்தான். அசையாமல் கிடந்தான்.

நடனத்தில் அது முடிவு. அருள்முருகனின் பழைய தொழிலில், அடிபட்டுக் கத்துகிறவனை விட்டுவிடலாம். சத்தமில்லாமல் மூச்சுவிட்டுக் கிடக்கிறவன் கத்தியோடு எழுவான், எழ விடக்கூடாது. ஒரு "ஐயோ" போட்டிருந்தால் போதும். அம்மாள் பார்க்கிறாளே என்று ராஜ்கமல் பல்லைக் கடித்துக்கொண்டான், மிச்சமிருந்ததை.

விலாவில் உதை விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. இன்னொரு உதை. அருள்முருகன் கண்ணில் மாஸ்டரும் இல்லை, மண்டபமும் இல்லை. மில் வாசல் காட்சிக்காக மேடையில் போட்டிருந்த உருட்டுக்கட்டையை எடுத்து ஓங்கினார். தொழிலாளியின் மனைவியாக ஆடிய பூர்ணிமா மேடை ஓரத்திலிருந்து ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினாள். கட்டை அவள் முழங்கைக்குக் கீழே இறங்கியது. அவள் போட்ட அலறலில்தான் அவர் கை நின்றது.

கைதட்டல் அதிர்ந்தது. முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாஸ்டரு இருக்காரா?" அருள்முருகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "யாராச்சும் பாருங்களேன், மூச்சு இருக்குதா?"

கடைசி வரிசையிலிருந்து ஜெயம் மேடையேறினாள். புருஷனைப் பார்க்கவில்லை. ராஜ்கமல் பக்கத்தில் குந்தி, வீங்காத கன்னமாகப் பார்த்து ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நாலு வருசம்யா! தூக்கத்துல கை ஓங்குவாரு, நான் அந்தக் கைய புடிச்சிக்கினே படுத்தேன். பத்தே நாள்ல கெடுத்துட்டியே, பாவி!"

இதுவரை வராத அழுகை ராஜ்கமலுக்கு அப்போது வந்தது. அழுதால் விலா குத்தியது. அதற்காக இன்னும் அழுதான்.

அம்மாள் மேடையருகே வந்து படபடவென்று பேசினாள். பிரெஞ்சு தெரிந்தவள் பூர்ணிமா ஒருத்திதான். சுரைக்காயாக வீங்கிய கையைத் தாங்கிக்கொண்டு அவளே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"எடுத்துக்கிறாங்களாம் சார். இருபது ஊரு. இதே அண்ணனோட, இதே மாதிரி வேணுமாம்."

ராஜ்கமல் ரத்தத்தைத் துப்பினான். "இந்த நடனம் இனிமே கெடையாதுன்னு சொல்லு."

"வலியில பேசுறீங்க. நாளைக்கு நிதானமா யோசிச்சிச் சொல்லலாம் சார்."

"நாளைக்கு வலி கொறைஞ்சிடும், ஆசை வந்துடும். இப்பவே சொல்லிடும்மா."