பயந்தால் இறுகும் கைகள்

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குக் கொண்டுசெல்லும் வழியில், பாதித் தூரத்தில், இயந்திரம் நின்றுவிட்டது. மெத்தை தைத்த அதன் இரண்டு கைகளின்மேல் நாத்தனார் கிடந்தாள். ஒரு கை அவளுடைய தோள்களுக்கு அடியிலும் மற்றொன்று முழங்கால்களுக்கு அடியிலும் நுழைந்து, அகலமான விரல்களால் அவளை அணைத்திருந்தன. முதுகுத்தண்டில் திருகாணி பொருத்திய புண் இன்னும் ஆறவில்லை. உடம்பை முறுக்காமல் தூக்க வேண்டும் என்பதற்காகவே அந்த மருத்துவமனையில் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். பணியாளர்கள் அதை யானை என்று அழைத்தார்கள்.

“என்ன அண்ணி, உங்க யானை நடுவுல நின்னு யோசிக்குது?” என்றாள் நாத்தனார்.

“ஒண்ணுமில்ல. அசையாம இரு.”

சொல்லி முடிப்பதற்குள் அண்ணியின் கையிலிருந்த பலகைக் கணினியில் சிவப்புக் கோடு ஒரு விரற்கடை ஏறியது. இயந்திரத்தின் விரல்கள் இறுகின. நாத்தனாரின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது.

சிவப்புக் கோடு பயத்தைக் காட்டுவது. இயந்திரத்துக்குள் இயங்கிய செயற்கை நரம்பு வலையை அண்ணியும் அவளுடைய குழுவினரும் மனித மூளையைப் பார்த்து அமைத்திருந்தார்கள். வெறும் கணக்குப் போட்டுத் தூக்கும் இயந்திரம் நோயாளியின் வலியைப் பொருட்படுத்தாது என்பது அண்ணியின் கட்சி. ஆகவே மூளையில் அச்சத்துக்கென்று இருக்கும் சிறு பகுதியைப் போல ஒன்றையும், ஒரு செயலை நாடிப் போகத் தூண்டும் பகுதியைப் போல இன்னொன்றையும் வலைக்குள் வைத்தாள். தூக்கியவரைப் பத்திரமாக இறக்கிவைக்கும்போது கிடைக்கும் நிறைவு அதற்கு ஊக்கம். அதைப் பச்சைக் கோடு காட்டும். கை நழுவிவிடுமோ என்பது பயம். பயம் மிகுந்தால் அது நிற்கும், பிடியை இறுக்கும்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அது மனிதர்களின் குரலிலிருந்து கற்றது. கற்பிப்பதற்கு நடுங்கும் குரல் தேவைப்பட்டது. நடிகர்களை அழைத்துப் பார்த்தார்கள், போலியாக இருந்தது. கடைசியில் அண்ணியே ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, தான் பயந்த தருணங்களையெல்லாம் நினைத்து நினைத்துப் பேசிக் கொடுத்தாள். சொல் எதுவானாலும் குரலின் அடியில் ஓடும் நடுக்கத்தை அது கண்டுகொண்டது. எல்லாக் குரல்களிலும் அவளுடைய குரலுக்கே அதிகம் செவிசாய்த்தது. அதன்பின் பல மாதங்களாக எவரையும் நழுவவிடாமல் தூக்கிவந்தது. ஆனால் நோயாளி அதன் கைகளில் இருக்கும்போது அண்ணி அறைக்குள் நின்றதே இல்லை. இன்று உறவினள் என்ற முறையில் வந்து நின்றாள். நாத்தனார் மேலெழும்பியபோது அவள் வாயிலிருந்து “பாத்து, பாத்து” என்று வந்துவிட்டது. அவ்வளவுதான்.

“கரண்ட நிறுத்திடலாமா மேடம்?” என்று கேட்டார் செவிலி.

“வேணாம் சிஸ்டர். நிறுத்தினா கை அப்படியே பூட்டிக்கும். ஆள் வந்து பிரிக்கிற வரைக்கும் இவ தாங்க மாட்டா.”

“அந்தப் பயத்த மட்டும் அணைச்சா?”

“கீழ போட்டுடும். பொம்மைய வெச்சுப் பாத்தோம். பயம் இல்லன்னா பிடிச்சிருக்கணும்னே அதுக்குத் தோணல.”

கோடு மேலும் ஏறியது. பயத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் திருகு ஒன்றை அவர்கள் வைத்திருந்திருக்கலாம். மூளையில் அப்படித் திருகு கிடையாது என்று குழுவில் வாதாடி வென்றவள் அண்ணி.

“அண்ணி, முதுகுல அழுத்துது.”

இன்னும் இறுகினால் திருகாணிகள் இடம்பெயரும். பெயர்ந்தால் அவள் மீண்டும் நடக்க மாட்டாள். அதை மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்துக் காட்டியே சொல்லியிருந்தார்.

அண்ணி தன் குரலைச் சமன்செய்துகொண்டு இயந்திரத்திடம் பேசினாள். “பயப்படாத. ஒண்ணும் ஆகல. மெதுவா இறக்கு.” தெளிவாகவும் நிதானமாகவும்தான் சொன்னாள். விரல்கள் இறுகின. நாத்தனாரிடமிருந்து ஒரு முனகல் வந்தது. அண்ணி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கோடு ஏறுவது நின்றது, ஆனால் இறங்கவில்லை. பொத்திய கைக்குள்ளிருந்து மூச்சு சீறிக்கொண்டிருந்தது. நோயாளியின் மூச்சுத் தடுமாறுவதும் கேட்க வேண்டும் என்று ஒலிவாங்கிகளை அத்தனை கூர்மையாக வைக்கச் சொன்னவளும் அவள்தான்.

“உங்க மூச்சு எனக்கே கேக்குது. வெளிய போங்க அண்ணி.”

அண்ணி தலையசைத்து மறுத்தாள்.

“போங்கன்னா போங்க. இங்க நின்னு என்னத்த சாதிக்கப் போறீங்க? சிஸ்டர், இவங்கள வெளிய விட்டுட்டு வாங்க.”

செவிலி அவள் முழங்கையைப் பற்றி நடத்திச் சென்று கதவைச் சாத்தினார். தாழ்வாரத்தில் எவரும் இல்லை. தரை துடைத்த மருந்தின் நெடி மட்டும் இருந்தது. அண்ணி எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கணினியின் ஒலிக்கருவியைக் காதில் செருகினாள். இயந்திரத்துக்குக் கேட்பதெல்லாம் அவளுக்கும் கேட்டது.

“நல்ல பிள்ள இல்ல… இறக்கிவிட்டுடு ராசா…” நாத்தனாரின் குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. கோடு ஏறியது. அவளும் பயந்திருக்கிறாள், அது இயந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது.

“இதுகிட்ட கெஞ்ச வேணாம். வேற ஏதாவது பேசும்மா,” என்றது செவிலியின் குரல். “எதப் பேசினா உனக்கு மனசு லேசாகும்?”

“அண்ணியப் பத்திக் குறை சொன்னா.”

“அப்ப சொல்லு. எனக்கும் நாத்தனாருங்க இருக்காங்க. கேட்டுப் பழக்கம்தான்.”

“கல்யாணமாகி வந்த புதுசுல எங்கம்மா வெந்நீர் வெக்கச் சொன்னாங்க. அடுப்புல ஏத்திட்டு இவ பாட்டுக்குப் புஸ்தகத்தத் தூக்கிட்டுப் போயிட்டா. போய்ப் பாத்தா பாத்திரம் செவந்து கிடக்கு, சொட்டுத் தண்ணி இல்ல. கேட்டா, கொதிச்சு முடிஞ்சிடுச்சுன்னா.”

முகத்துக்கு நேரே ‘நீங்க’, முதுகுக்குப் பின்னால் ‘இவ’. அண்ணி கோட்டைப் பார்த்தாள். அது ஏறவில்லை.

“எங்கண்ணன் பாவம் சிஸ்டர். ஒரு சட்டை எடுக்கப் போனா, அந்தத் துணி எதால நெய்ததுன்னு கடைக்காரனுக்கே பாடம் எடுப்பா. அடுத்த தடவ இவளத் தூரத்துல பாத்ததுமே அந்தாளு கடைய இழுத்துச் சாத்திட்டான்.”

“சிரிக்கவே மாட்டாங்களோ?”

“ஒரு தடவ சிரிச்சா. பல்வலியோன்னு நெனச்சோம்.”

கோடு இறங்கியது. குரலில் நடுக்கம் இல்லை. வீட்டில் தொலைபேசியில் சிநேகிதியிடம் பேசும்போது இருக்கும் அதே சுகமான குரல். பச்சைக் கோடு தலைதூக்கியது. இனி இயந்திரம் நகரும். நகரும்போது ஒரு குலுக்கல் இருக்கும் என்பது அண்ணிக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியாது. எச்சரிக்க வழியில்லை.

மோட்டாரின் ரீங்காரம் கேட்டது. “அவ என்ன பண்ணுவான்னா…” குரல் அறுந்தது. சிவப்புக் கோடு துள்ளியது. அண்ணி கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக் கடித்தாள்.

“என்ன பண்ணுவா?” என்றார் செவிலி, கதை கேட்பவரைப் போலவே.

“என்ன பண்ணுவா… எனக்கு அடிபட்ட அன்னிக்கு, பாக்க வந்த டாக்டர் பேசப் பேச ஒவ்வொண்ணாத் திருத்தினா. அது அப்படி இல்ல, இது இப்படி இல்லன்னு. அந்தப் பையன் மிரண்டுபோய்ப் பெரிய டாக்டரக் கூட்டிட்டு வந்துட்டான். வாயாடி சிஸ்டர். அவகிட்ட யாரும் பேசி ஜெயிக்க முடியாது.”

நாற்காலியின் தோல் இருக்கை முனகியது. விரல்கள் ஒவ்வொன்றாக விரியும் ஓசை கேட்டது. அண்ணி சுவரை விட்டு ஓரடி எடுத்து வைத்தாள். அந்தக் காலடிச் சத்தத்துக்கே பலகையில் சிவப்புக் கோடு துள்ளியது. எடுத்த அடியைப் பின்வாங்கிச் சுவரோடு சுவராக நின்றாள். இயந்திரத்தின் கைகள் இன்னும் நாத்தனாரின் பக்கங்களிலேயே இருக்கக்கூடும்.

கதவு திறந்தது. செவிலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாத்தனாரின் நெற்றியில் மயிர் வேர்வையால் ஒட்டியிருந்தது. அண்ணியின் பார்வை கால்களுக்குப் போனதைக் கண்டு, அவள் பெருவிரல்கள் இரண்டையும் மடக்கி நீட்டிக் காட்டினாள்.

“எல்லாத்தையும் கேட்டீங்களா?”

“கேட்டேன். பாத்திரத்துல தண்ணி இருந்துச்சு.”

“இல்ல.” நாத்தனாரின் உதடுகள் இப்போதுதான் நடுங்கத் தொடங்கின. “அண்ணி, இனிமே நான் பயந்துக்கலாமா?”

அண்ணி முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு குனிந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நாத்தனார் விம்மியபோது, கதவு சாத்தியிருந்தும், பலகையில் சிவப்புக் கோடு சற்றே எழுந்து நின்றது. அண்ணி நாற்காலியைத் திருப்பி, தாழ்வாரத்தின் மறுகோடியை நோக்கி வேகமாகத் தள்ளினாள்.