குமிழி சிஸ்டர்

அந்தத் தையல்காரரைக் குடல் பரிசோதனை மேசைக்குக் கொண்டுவர எனக்கு ஐந்து போன் ஆனது. முதல் போனில், "அவரு ஊர்ல இல்லீங்க" என்று அவரே சொன்னார். இரண்டாவதில் கடையில் கூட்டம் என்றார். மூன்றாவதில் திட்டினார், நானும் சும்மா இருக்கவில்லை. நான்காவதில்தான் விஷயம் வெளியே வந்தது.

"எங்கண்ணனுக்குக் குடல்ல கேன்சர்னு வயித்தைத் திறந்து பாத்துட்டு, முத்திப்போச்சுன்னு அப்படியே மூடிட்டாங்க சிஸ்டர். எனக்கும் அதையேதான் சொல்லப்போறீங்க. தெரியாமயே இருந்துட்டுப் போறேனே."

"உங்க அண்ணனுக்கு முன்னாடியே யாரும் பாக்கல. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன்."

ஐந்தாவது போனில் இறங்கி வந்தார். "நீங்க உள்ள இருப்பீங்களா? கண்ணை எடுக்காம பாப்பீங்களா?"

"பாப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான், என்ன வாக்குக் கொடுத்தோம் என்று உறைத்தது.

நர்ஸ் என்றால் தட்டு ஏந்துகிறவள் என்று நினைக்கிறார்கள். பேதி மருந்தை எப்போது குடிக்க வேண்டும், எப்படிப் போனால் குடல் சுத்தம் என்று கூச்சமில்லாமல் சொல்லித் தருவது நான்தான். டாக்டர் கேமராக் குழாயைக் குடலின் கடைசி வரை கொண்டுபோய், திரும்பி வரும்போதுதான், பின்னாளில் கேன்சராக மாறக்கூடிய சதை எங்காவது முளைத்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்ப்பார். அப்படித் திரும்ப ஆறு நிமிடமாவது ஆக வேண்டும். அந்தக் கடிகாரம் என் பொறுப்பு. திரையைப் பார்க்கும் இரண்டாவது ஜோடிக் கண்ணும் என்னுடையதுதான். எதைப் பார்த்தாலும் சொல்லலாம் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது.

சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன்னால், "டாக்டர், அங்க!" என்று கத்தினேன். அவர் குழாயை மறுபடி உள்ளே தள்ளித் தண்ணீர் அடித்தார். வெறும் குமிழி. மறுநாளும் அதே கதை. "நம்ம குமிழி சிஸ்டர்" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் லிஃப்ட் ஓட்டுகிறவர் வரை அந்தப் பெயர் பரவிவிட்டது. நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன்.

தையல்காரர் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். பயத்திலும் தொழில் போகவில்லை. "இந்த அங்கியை யாரு தைச்சது சிஸ்டர்? நூலெல்லாம் பிரிஞ்சு கெடக்கு" என்றார். என் விரலைப் பிடித்திருந்த கை சில்லிட்டிருந்தது. ஊசி போட்டதும் கண் சொருகியது, பிடி மட்டும் விடவில்லை.

குழாய் கடைசியைத் தொட்டது. கடிகாரத்தைத் தட்டினேன்.

இரண்டாவது நிமிடத்தில், ஒரு மடிப்புக்குப் பின்னால், வெளிறிப்போய் ஏதோ தெரிந்தது. இஸ்திரி போட்ட துணியில் விட்டுப்போன சுருக்கம் மாதிரி இருந்தது. அதைச் சுற்றிலும் நுரை. நான் வாயைத் திறப்பதற்குள் குழாய் அதைத் தாண்டிவிட்டது.

குமிழியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இல்லை என்றால்? மூன்றாவது நிமிடம் போனது. சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் இந்த மனிதர் செத்துப்போவார். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிற பிறவி நான் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியும் வாய் திறக்கவில்லை. நான்கு. ஐந்து. அவர் என் விரலைப் பிடித்தபடியே தூங்கினார்.

ஆறாவது நிமிடத்தில், "டாக்டர், பின்னாடி போகணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன்.

"எங்க?"

"மேல, ரெண்டாவது நிமிஷத்துல பாத்தேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். குழாய் ஏறக்குறைய வெளியே வந்திருந்தது. "குமிழியா?"

"தெரியல டாக்டர். ஆனா பாத்தாகணும்."

அவர் சிரிக்கவில்லை. குழாய் மறுபடி உள்ளே போனது. நான் விரலை உருவிக்கொண்டு, அவர் வயிற்றை அமுக்கிப் பிடித்துக் குழாய்க்கு வழி கொடுத்தேன். மடிப்பை ஒதுக்கித் தண்ணீர் அடித்தார். நுரை போனது. அது போகவில்லை. சட்டைப் பொத்தான் அகலத்துக்குத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த சதை.

கம்பிச் சுருக்குப் போட்டு அதை அறுத்தெடுத்தார். நான் குப்பியில் போட்டு மூடினேன். "பரிசோதனைக்கு அனுப்புவோம். இன்னும் கொஞ்ச வருஷம் விட்டிருந்தா இவருக்கும் அண்ணன் கதைதான்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நல்ல கண்ணு சிஸ்டர். ஏன் அப்பவே சொல்லல?"

"பயம் டாக்டர்."

அவர் குப்பியை வாங்கி, அதில் பெயர்ச்சீட்டைத் தானே ஒட்டினார்.

தையல்காரர் கண் விழித்ததும் முதல் கேள்வி அதுதான். "கண்ணை எடுக்கலல்ல சிஸ்டர்?"

"எடுக்கலை."

அவர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தார். எனக்குத்தான் நிம்மதி போனது. ஏனென்றால் போன வியாழக்கிழமையும் நான் கண்ணை எடுக்கவில்லை. ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட டீச்சர். நான்காவது நிமிடம். அப்போதும் நுரைக்குள் ஏதோ வெளிறித் தெரிந்தது. குமிழி என்று விட்டுவிட்டேன். எல்லாம் சுத்தம், இனி பத்து வருஷம் கழித்து வந்தால் போதும் என்று வாய் கூசாமல் சொல்லியும் அனுப்பினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

வேலை போனாலும் போகட்டும் என்று டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் முகத்திலும் பயத்தைப் பார்த்தது அன்றுதான்.

"டீச்சருக்கு இப்பவே போன் போடுங்க. நானும் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

போன் மூன்று முறை அடித்ததும் அந்த அம்மாவே எடுத்தார்.

"டீச்சர், கேமரா டெஸ்ட் எடுத்த சிஸ்டர் பேசறேன்."

"அடடே, நீயாம்மா! நல்லா இருக்கேன். நீ சொல்லி அனுப்பினதுலேர்ந்துதான் நிம்மதியா தூங்கறேன்."

எதிரே டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றேன், "நீங்க திரும்ப ஒரு தடவை வரணும். அன்னிக்கு உள்ள நான் ஒண்ணைப் பாத்தேன். பாத்துட்டு, சொல்லாம இருந்துட்டேன்."