பதினொரு தட்டுக் கம்ப்யூட்டர்

மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான். கார் கேட்கவில்லை, பைக் கேட்கவில்லை, கட்டில் பீரோவைக்கூட "உங்க இஷ்டம் மாமா" என்று விட்டுவிட்டான். "ஒரு கேமிங் கம்ப்யூட்டர் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு, உள்ள லைட் எரியற மாதிரி" என்று நல்லுசாமியிடம் போனில் சொன்னான். நல்லுசாமி முசிறிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, வண்டிக் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றே முடி நரைத்தவர். ஒரு பைக்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டே மாட்டிவிடுவார். கேமிங் கம்ப்யூட்டர் என்றதும் மட்டும் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது. அதனால் மகள் ஸ்வாதியையே அழைத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் இருக்கும் ஜெகதீஷ் கடைக்குப் புறப்பட்டார். தனக்கான சீரைக் கல்யாணப் பெண்ணே போய் வாங்குவது என்ன வழக்கம் என்று அவர் மனைவி பார்வதி முணுமுணுத்தாள். ஆனால் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் ஸ்வாதி ஒருத்திதான்.

தெரிந்தவள் என்றால் சும்மா இல்லை. ஸ்வாதிக்கு சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய பாகங்களாகத் தேடி வாங்கி, தானே மாட்டிய கம்ப்யூட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. சாயங்காலம் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சென்னையில் ஒருத்தி, கோவையில் ஒருத்தி, பக்கத்துத் தெரு யுவஸ்ரீ, இவள் என்று நால்வர் ஓர் அணி. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பெரிய பெரிய ஆண்பிள்ளை அணிகள் எல்லாம் இவர்களிடம் மண்ணைக் கவ்வியிருக்கின்றன. பகல் முழுக்க சூப்பர்வைசருக்குத் தலையாட்டும் பெண் அந்த நேரத்தில் மட்டும் மற்றவர்களுக்கு உத்தரவு போட்டாள். அது அவளுக்குச் சாப்பாட்டைவிட முக்கியம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

நிச்சயம் முடிந்த கையோடு பார்வதி அந்தக் கம்ப்யூட்டரைத் தன் அக்கா மகனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"போற எடத்துலதான் புதுசு இருக்கப் போகுதே, இந்த ஓட்டையக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போற? இன்னொண்ணு, நீ விளையாடுற விஷயத்த அங்க மூச்சு விட்டுறாத. பொட்டப் புள்ள காதுல மைக்க மாட்டிக்கிட்டு சுடு, சுடுன்னு கத்துதுன்னு தெரிஞ்சா என்ன நெனப்பாங்க? கல்யாணம் முடியட்டும். அப்புறம் உன் சாமர்த்தியம்."

பெண் பார்க்க வந்த அன்று "எனக்கு கேம்ஸ்னா உசுரு" என்று மாப்பிள்ளை பிரதாப் சொன்னானே, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வரனுக்கு ஸ்வாதி சரி என்றாள். விளையாட்டுப் பிடித்தவன் வீட்டில் விளையாட இடம் கிடைக்கும் என்று நினைத்தாள். அதில் என்ன தப்பு? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆக, கடைக்குள் நுழையும்போது அது பேருக்குத்தான் மாப்பிள்ளைக் கம்ப்யூட்டர். உள்ளுக்குள் ஸ்வாதி தனக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஜெகதீஷ் ஒரு காதில் போனை வைத்துக் கன்னடத்தில் யாரையோ சமாளித்துக்கொண்டே, இந்தப் பக்கம் தமிழில் பாகங்களை எடுத்து வைத்தான். வெளியே தெரிகிற லைட்டெல்லாம் பளபளக்கிற கேபினெட் ஒன்றை முதலில் காட்டினான். அவள் அதை ஒதுக்கிவிட்டு, காற்று நன்றாகப் போய்வருகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மாப்பிள்ளை ஆசைக்கு ஒரே ஒரு விளக்கு ஃபேன் போதும், அந்தக் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடலாம் என்றாள். சத்தம் போடாத கூலர், நாளைக்கு இன்னொரு ரேம் சேர்க்க இடமுள்ள மதர்போர்டு, மின்சாரம் ஏறி இறங்கினாலும் தாங்குகிற பவர் சப்ளை. மவுஸை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது சின்னக் கைக்குத்தான் சிஸ்டர் செட் ஆவும். மாப்பிள்ளை கை சின்னதுங்களா?" என்றான் ஜெகதீஷ்.

"ஆமா" என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

நல்லுசாமிக்கு வேறு கவலை. ரேம் டப்பாவைக் கையில் வாங்கிப் புரட்டினார். பற்பசை டப்பாகூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

"ஏம்ப்பா, இதே சாமான் பெரிய டப்பாவுல இல்லையா?"

"உள்ள இருக்கறதே இத்தனூண்டுதான் சார். பெரிய டப்பாவுல ஒண்ணு இருக்குது, ஆனா ஸ்பீடு கம்மி."

"அதையே குடு."

"அப்பா, இதுதான் நல்லது" என்றாள் ஸ்வாதி.

"நல்லது உள்ள கெடக்கும். தட்டுல வெளியதானம்மா தெரியும்?"

தட்டு என்றதும்தான் ஜெகதீஷுக்கு விஷயம் புரிந்தது. இவர் கம்ப்யூட்டர் வாங்க வரவில்லை, சீர் வாங்க வந்திருக்கிறார். மாட்டி, ஓட்டிப் பார்த்து, ஒரே பெட்டியாகக் கொடுப்பதுதான் கடை வழக்கம் என்று அவன் எவ்வளவோ சொன்னான். நல்லுசாமி மசியவில்லை. ஒரு பெட்டியாகக் கொண்டுபோனால் ஒரு சாமான் என்பார்கள். தனித்தனியாகப் பிரித்தால் கேபினெட்டில் தொடங்கி மவுஸ் வரைக்கும் பதினொன்று வருகிறது, ஒற்றைப்படை வேறு. பதினொரு தட்டு வரிசையாகப் போனால் மாப்பிள்ளை வீட்டுக் கிருஷ்ணகிரிக்காரர்கள் வாயைப் பிளக்க வேண்டாமா? கம்ப்யூட்டரைத் தட்டுக் கணக்கில் வாங்கிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். ரேம் சண்டையில் ஸ்வாதி ஜெயித்தாள், தட்டுச் சண்டையில் அப்பா ஜெயித்தார். மாட்டுவதற்கு வேண்டிய ஸ்க்ரூடிரைவரையும் விண்டோஸ் போட்ட பென் டிரைவையும் ஜெகதீஷ் அவள் கையில் தனியாகக் கொடுத்தான்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் தட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ரேம் தட்டு வெறிச்சென்று இருக்கிறதென்று அதில் ஒரு தேங்காயும் ஒரு சீப்புப் பழமும் ஏறியிருந்தன. ஸ்வாதி மாலையோடு மேடையில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பார்த்தாள். கீழே அம்மா டப்பாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெறும் டப்பாவை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவதி சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு வெளியே வந்து வெள்ளித் தட்டில் படுத்தது. பார்வதி கிண்ணத்திலிருந்து ஈரச் சந்தனத்தைத் தொட்டு அதன் முதுகில் மூன்று இடத்தில் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள்.

ஸ்வாதிக்கு அதைப் போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இறங்கி ஓடலாம் என்றால் மாலை கனத்தது, முன்னால் போட்டோகிராபர், பின்னால் சோபா, பக்கத்தில் இன்னும் முழுசாகப் பழகாத ஒரு புருஷன்.

"அந்தக் கார்டுல ஈரம் படக் கூடாதுங்க. கொஞ்சம் யார்கிட்டயாவது சொல்லுங்களேன்" என்றாள் மெல்ல.

"அப்பறம் பாத்துக்கலாம். சிரி, போட்டோ எடுக்கறாங்க" என்றான் பிரதாப்.

அவள் சிரித்தாள். அந்தப் படம் ஆல்பத்தில் நன்றாக வந்திருக்கிறது.

மறுநாள் கிருஷ்ணகிரியில் மாமியார் ஜோதியம்மாள் ஒரு குண்டைப் போட்டாள். சீராக வந்த சாமான் எதுவானாலும் வீட்டுக்கு வந்த அன்றைக்கே புழங்கிவிட வேண்டும், அது அந்தக் குடும்பத்து வழக்கம். புதுப் பாத்திரத்தில் பால் காய்ச்சியாயிற்று, புதுக் கிரைண்டரில் ஒரு பிடி அரிசி போட்டு ஆட்டியாயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் பதினொரு தட்டில் பதினொரு துண்டாகக் கிடந்தது.

"பெங்களூர்ல இருந்து என் பிரெண்டு ஞாயித்துக்கெழமை வர்றான்மா. அவன் வந்து மாட்டுவான்" என்றான் பிரதாப். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வாரம் முழுக்க வேலைக்குப் பஸ்ஸில் போய்வருகிறவன். விளையாடத் தெரியும், மாட்டத் தெரியாது.

"அதெல்லாம் ஆவாதுடா. இன்னிக்கே எரியணும். பொண்ணு வூட்டு சாமான் ஊமையா கெடந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க?"

கூடம் நிறையச் சொந்தக்காரர்கள், சீரோடு வந்த நல்லுசாமியும் பார்வதியும் உட்பட. பிரதாப் மதர்போர்டைக் கையில் எடுத்து, இட்லித் தட்டைப் பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். பிறகு ப்ராசசரைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து அழுத்தப் போனான், தலைகீழாக. அதற்குமேல் ஸ்வாதியால் பொறுக்க முடியவில்லை.

"இருங்க, நான் பாக்கறேன்" என்றாள்.

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அம்மா சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, பட்டின் உரசலில் உடம்பில் ஏறிய மின்சாரம் பாகங்களில் பாயாமலிருக்க ஜன்னல் கம்பியை ஒருதரம் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள். கை நிறைய வளையல். கழற்றலாம் என்று போனதும் "புதுப்பொண்ணு வளையலக் கழட்டாத கண்ணு" என்றாள் ஜோதியம்மாள். முழங்கை வரைக்கும் ஏற்றிக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டாள். குனியும்போதெல்லாம் மஞ்சள் தாலிக்கயிறு கேபினெட்டுக்குள் போய் ஆடியது. அதைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டாள். காய்ந்த சந்தனத்தைப் பஞ்சால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். நல்லவேளை, மேல் தகட்டோடு நின்றிருந்தது.

ஒவ்வொரு பாகமும் அதனதன் இடத்தில் போய் உட்கார உட்கார அவளுக்குள் இருந்த பயம் வடிந்தது. கல்யாணம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளாக விரும்பிச் செய்த முதல் காரியம் இதுதான். சுற்றிலும் ஆட்கள் இருப்பதே மறந்துவிட்டது. பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுழன்று விளக்கு எரிந்து, திரையில் வெளிச்சம் வந்தது. கூடமே கை தட்டியது.

"பாத்தீங்களா, என் பொண்டாட்டி" என்றான் பிரதாப். நிஜமான பெருமையோடுதான் சொன்னான், அதைக் குறை சொல்லக் கூடாது. ஸ்வாதிக்குக் கண் கலங்கியது. இவனிடம் சொல்லிவிடலாம், இன்றைக்கே சொல்லிவிடலாம், யுவஸ்ரீயிடம் அடுத்த வாரம் விளையாட வருகிறேன் என்று சொல்லலாம் என்று மனசு ஓடியது. கணக்குச் சரியாக வந்துவிட்டது என்றே நம்பினாள்.

விண்டோஸ் ஏறி முடிந்ததும் பிரதாப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மவுஸைப் பிடித்துப் பார்த்து, "இது என்ன, குழந்தைங்க மவுஸ் மாதிரி இருக்குது. பெருசா ஒண்ணு மாத்திக்கணும்" என்றான். திரை யார் பெயர் என்று கேட்டது. தன் பெயரை அடித்தான். அதனால் என்ன, இன்னொரு பெயர் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தபடி அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள் ஸ்வாதி. அடுத்ததாகப் பாஸ்வேர்டு கேட்டது.

அவன் கையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அன்பாகத்தான் சிரித்தான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"ஏங்க?"

"பாஸ்வேர்டு போடறேன்."

"நான் பாத்தா என்னங்க?"

"உனக்கு எதுக்கு இது? போன்தான் இருக்குதுல்ல. ஏதாவது பாக்கணும்னா நான் இருக்கறப்ப சொல்லு, தொறந்து விடறேன்."

அத்தனை பேர் எதிரில் என்ன சொல்வது? நானும் விளையாடுவேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய்வரை வந்தது. அப்பா வாசல் பக்கம் சம்பந்தி பக்கத்தில் காபி டம்ளரோடு பூரித்துப்போய் நின்றிருந்தார். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்கிற பார்வை. அவள் திரும்பிக்கொண்டாள். எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர், அதில் ஒரு ஆணி.

"புதுப்பொண்ணு வெக்கப்படுது பாரு" என்று பெண்கள் பக்கம் யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டு நின்றது. பிரதாப்பைச் சுற்றிப் பிள்ளைகளும் மாமன் மச்சான்களும் மொய்த்துக்கொண்டு அதைத் திற, இதைக் காட்டு என்றார்கள். அவனும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான். ஸ்வாதி சுவரைப் பார்த்து நின்றாள். அவளைத் திரும்பச் சொன்ன ஞாபகமே அவனுக்கு இல்லை.