கடைசித் துளி வைரஸ்

1

இந்தக் கதை என் தம்பியின் டயப்பரில் தொடங்கியது. அழகான தொடக்கம் ஒன்றுக்கு முயன்றேன். ‘ஆய்வகத்தின் வெண்ணிற அமைதியில்...’ சீ. அங்கே ஃப்ரீசர் ஓயாமல் உறுமும் என்று சித்தி சொல்லியிருக்கிறாள்.

ஆகவே டயப்பர்தான். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மல மாதிரி சித்தி வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே போனது.

2

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸின் மரபுப்பொருள் பதினொரு துண்டு. ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் ஏணிப்படி மாதிரி கோடுகள் தெரியும். (பாடம் நடத்தவில்லை. ஏணி நினைவிருந்தால் போதும்.) மனிதர்களிடம் வழக்கமாக வரும் ஏணிகள் சித்திக்கு அத்துப்படி. தம்பியுடையது அவற்றில் எதுவுமில்லை.

“ரெண்டு ட்யூபைக் கலந்துட்டியாம்மா?” என்றார் ஆய்வகத் தலைவரான பெரிய டாக்டர்.

“கலக்கல சார்.”

“மறுபடி போடு.”

அதே ஏணி.

“டெஸ்ட் கிட்டு கெட்டிருக்கும். மறுபடி போடு.”

புதுக் கிட்டு. அதே ஏணி. சித்தியின் கண்கள் கலங்கி— இல்லை, கலங்கவில்லை. பல்லைக் கடித்தாள்.

நம்பாமல் நம்பாமலே மாதிரியைத் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் ஒரு துளி. தம்பி தேறிவிட்டான், இனி அவனிடமிருந்தும் கிடைக்காது. வேறொரு சோதனையும் போட்டுக் காட்டினால் நம்புவதாகச் சொன்னார் டாக்டர்.

3

(பெரிய டாக்டரை வில்லனாக்க ஆசை. மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஆனால் முன்பு ஒரு ‘புது வைரஸ்’ வெறும் கலந்துபோன ட்யூப் என்று தெரிந்தபோது, எல்லார் முன்னும் கூனிக்குறுகி நின்றவர் அவர்தான். ஆளுக்கொரு நியாயம் இருந்தால் கதை எப்படித்தான் எழுதுவது?)

4

“புது வைரஸ்னா தம்பிக்கு மறுபடி வருமா சித்தி?”

“அதை உயிருள்ள செல்லுல வளர்த்து, அவன் ரத்தம் தடுக்குதான்னு பார்த்தாதான்டி தெரியும்.”

“வளர்த்துப் பாரேன்!”

“பாதி நேரம் வளரவே வளராது. துளியும் போயிடும். ‘நான் அப்பவே சொன்னேன்’ம்பாரு சார்.”

“அப்ப அவர் கேட்ட டெஸ்ட்டையே போடு.”

“போட்டா நம்புவாரு. அப்புறம் வளர்க்க என்ன இருக்கும்? டயப்பரா? அதையும் உங்கம்மா தூக்கிப் போட்டுட்டா!”

5

முதல் முடிவு: வளர்ந்தது. பயத்தில் எழுதியது, அடித்துவிட்டேன்.

இரண்டாவது: வளரவில்லை. கை வரவில்லை.

மூன்றாவது: சோதனை போட்டாள், அவர் நம்பினார். நம்பி? தம்பிக்கு என்ன?

சித்தி துளியைப் பிப்பெட்டில், அந்த மெல்லிய குழாயில், உறிஞ்சி எடுத்துவிட்டாள். இடப்பக்கம் வைரஸ் வளர்க்கும் செல் தட்டு, வலப்பக்கம் டாக்டர் கேட்ட சோதனையின் கிட்டு. அடுத்த அறையில் தம்பி முனகுகிறான். ஒன்றுமிருக்காது. இருந்தாலும் டயப்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அதுவரை பிப்பெட்டை நீங்கள் பிடியுங்கள். கை நடுங்கக் கூடாது.