ஐம்பத்தாறாம் மாதம்

…ஆனால் ஐம்பத்தாறாம் மாதம் என்று ஒன்று எங்கேயும் கிடையாதே, அதனால்தான் சிரிப்பு வந்தது, யாரையும் நோகடிக்கவேண்டும் என்று சிரிக்கவில்லை, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லச் சொல்ல அது சமாதானமாக இல்லாமல் சாக்காகத்தான் காதில் விழுந்தது. சாப்பாட்டு டப்பா மேசை ஓரத்தில் மூடியபடியே இருக்கிறது. திரையில் ஒரு வெளிநாட்டு மரப் பொத்தான் பட்டறை அனுப்பிய புது வரி எண். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த இரண்டும் மாதம், இதில் அந்த இடத்தில் ஐம்பத்தாறு, பிறகு தேதி. அந்த நாட்டில் ஒற்றை ஆள் நடத்தும் தொழிலுக்கு அந்த ஆளின் எண்தான் வரி எண். எத்தனை நாடு, எத்தனை விதம்… ஒன்றில் எண்ணுக்கு முன்னால் நாட்டின் இரண்டெழுத்து வேண்டும், ஒன்றில் நடுவில் சின்னக் கோடு வேண்டும், இன்னொன்றில் கோடு போட்டாலே ஏற்காது, ஒன்றில் முதலில் வரும் பூஜ்யத்தைக் கணினியே தின்றுவிடும், நாம் திரும்ப ஊட்டவேண்டும். துணி கம்பெனிக்குச் சரக்கு விற்பவர்களைப் பதிவுசெய்கிற இந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து, எண்ணைப் பார்த்ததுமே எந்த நாடு என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். அந்தக் கர்வம்தான் கண்ணை மறைத்ததோ?

பக்கத்து மேசைத் தாடிக்காரரிடம் திரையைத் திருப்பிக் காட்டினாளே அன்றைக்கு, “இங்க பாருங்க, ஐம்பத்தாறாம் மாசத்துல பொறந்த ஆளு.” தாடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “அந்த ஊர்ல சம்பளம் எப்பவாம்? நமக்கு மாசம் முப்பது நாளை ஓட்டவே நாக்கு தள்ளுது.” இருவரும் சிரித்தார்கள். அதே பட்டறை, அதே முகவரி, ஆனால் முன்பு பதிந்திருந்த எண் வேறு, மூன்றாம் மாதத்து எண், ஒழுங்கான எண், இதுவோ யாரோ வாய்க்கு வந்ததை அடித்தது போல… திருப்பி அனுப்பினாள். ‘எண்ணின் வடிவம் தவறு. பழைய சரியான எண்ணை அனுப்பவும்.’ பொத்தானை அழுத்தினால் கடிதம் தானாகப் போய்விடும், அவள் எழுதக்கூட வேண்டாம். பதில் வந்தது, ‘எண் சரிதான், தயவுசெய்து மறுபடி பாருங்கள்.’ மறுபடி பார்க்கவில்லை, மறுபடி அழுத்தினாள். ‘தயவுசெய்து’ என்ற சொல் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை… ஒரு நல்ல வார்த்தை எழுதுவதற்குக் காசா பணமா?

இன்று சாயங்காலத்தோடு கொள்முதல் பிரிவு இந்தப் பருவத்துக்கான பட்டியலை மூடுகிறது. பட்டறை அதில் இல்லையென்றால் ஆர்டர் பிளாஸ்டிக் பொத்தான் தொழிற்சாலைக்குப் போகும், இந்தப் பட்டறைக்கு நம்மை விட்டால் வேறு பெரிய ஆர்டர் இல்லை என்று பழைய கோப்பு சொல்கிறது. வேண்டாம் என்று காலையிலேயே கொள்முதலுக்குச் சொல்லியாயிற்று, கோப்பையும் விதியைக் காட்டி மூடுவோமே என்றுதான் அந்த நாட்டின் வரி எண் குறிப்பைத் திறந்தாள், உதவவேண்டும் என்று இல்லை, கடவுளே, அதுதான் உறுத்துகிறது, உதவவேண்டும் என்று திறக்கவில்லை. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: பெண்களுக்கு மாத எண்ணோடு ஐம்பது கூட்டப்படும். ஆறும் ஐம்பதும். ஆறாம் மாதத்தில் பிறந்த ஒரு பெண். அப்படியானால் மூன்றாம் மாதம் ஓர் ஆண். அதே குடும்பப் பெயர், அதே முகவரி… இங்கே கம்பெனிக்கு என்று தனி எண், முதலாளி போனாலும் எண் போகாது. அங்கே ஆள் போனால் எண்ணும் கூடவே போய்விடும். பழைய எண்ணை அனுப்பு, அனுப்பு என்று யாரிடம் எதைக் கேட்டிருக்கிறாள்?

அண்ணன் இறந்துபோன புதிதில் அண்ணி இப்படித்தான் மதிய வேளையில் போன் செய்வாள். கரண்ட் பில் எங்கே கட்டுவது, அவருடைய வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிகிறதாமே… “அண்ணி, அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்.” வேலையை முடித்துக் கொடுத்தாள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பில் கட்டத் தெரியாதவளா அண்ணி? பிறகு அந்தப் போனும் நின்றுபோனது. நின்றது எப்போது என்றுகூட இவளுக்குத் தெரியாது.

கொள்முதல் மேலாளர் மேசையில் வெறும் தேநீர்க் கோப்பைகள். “என்னம்மா, காலையில நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?”

“நான்தான் சார். தப்பு என்னோடது.”

“பிளாஸ்டிக்காரன் வண்டியில ஏத்தியிருந்தான்னா?”

“ஏத்தலையே சார்?”

அவர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். “ஏத்தலை. சேர்த்துடுங்க. அடுத்த தடவை என் பிரஷரையும் கொஞ்சம் நெனைச்சுக்குங்க.”

எண் ஏறியது. பெயர், எண், கடிதத்தில் விளிக்கும் முறை, எல்லாம் மாற்றினாள். கடிதம் அனுப்பினால் போதும், விதிப்படி அவ்வளவுதான், ஆனாலும் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல், பிறகு தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். “அம்மா, உங்க பதிவு முடிஞ்சுது. ஆர்டர் உங்களுக்குத்தான்.” இரைச்சல் தூரப் போனது, எங்கேயோ ஒரு கதவு சாத்தும் சத்தம். “எண் சரியாத்தானேம்மா இருந்துது?” கோபம் இல்லை அதில், கோபம் இருந்திருந்தால் தேவலை. “சரியாத்தான் இருந்துது. நான்தான் சரியாப் பார்க்கலை, மன்னிச்சுக்குங்க. உங்க வீட்டுக்காரர்…” “ஆமாம்மா. குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. எண் ஏன் மாறிச்சுன்னு உங்க படிவத்துல கேட்டிருந்துது. கம்பெனி சேர்ந்துச்சா, பிரிஞ்சுச்சா, இடம் மாறிச்சான்னு. இதுக்கு ஒண்ணும் இல்லை. ‘மற்றவை’ன்னு போட்டேன்.” வாய்க்குள்ளேயே ஒரு பிரார்த்தனை சொல்லிக்கொண்டாள். “ஒண்ணு கேக்கணும்மா,” என்றது அந்தக் குரல். “நீங்க அனுப்பின கடுதாசி எல்லாம் அவர் பேருக்குத்தான் வந்துது, மதிப்பிற்குரிய ஐயான்னு. இனிமே அப்படி வராது, இல்லையா?” “வராதும்மா, எல்லாத்தையும் மாத்திட்டேன்,” அப்பாடா, இதிலாவது ஒரு நல்லது செய்ய முடிந்ததே என்று அவள் அவசரமாகச் சொன்னாள். “ஓ… சரிம்மா. நல்லது.” போன் வைக்கப்பட்டது. அந்தப் பெண் நன்றி சொன்னாளா, நினைவில்லை. அந்த ‘ஓ’தான்… நிம்மதியில் அப்படி இழுப்பார்களா? வரவேண்டாம் என்றுதான் கேட்டாளா, இல்லை அவர் பெயர் இன்னும் வந்துகொண்டிருக்கட்டும் என்றா… ஒரு நொடி பொறுத்து, “உங்களுக்கு எப்படி வேணும்?” என்று கேட்டிருக்கலாம், அதைக் கேட்க எந்த விதியும் தடுக்கவில்லை.