அணைக்காத மவுஸ்

“கண்ணாடியில ஓடாதா இது?” என்று கேட்டார் தங்கையா.

“ஓடாது அங்கிள். கீழ ஏதாவது வச்சாத்தான் ஓடும்.”

ஆபீஸ் மேசைக்குக் கண்ணாடி போட்டிருந்தது. தங்கையா அலமாரியைத் திறந்து, ஆட்களின் பெயர் எழுதிய பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து போட்டார். அதன் தடித்த அட்டைமேல் தவமலரின் மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“ஆளுங்க பேர் மேல ஓட்டுறீங்க மிஸ். பாத்து,” என்று சிரித்தார்.

தவமலருக்கு ஈப்போவில், கம்பெனி அலுவலகத்தில் வேலை. மாதத்தில் பத்து நாள் ஏதாவதொரு எஸ்டேட்டில் இருப்பாள். மலைக் குளிரில் விரல் மரத்துப்போனால் லேப்டாப்பைத் தடவித் தடவி வேலை செய்ய முடியாது. அதனால் ஒயர் இல்லாத அந்த மவுஸ் எப்போதும் ஜாக்கெட் பையில் இருக்கும். இந்த முறை ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். பழைய லைன் வீடுகளில் இருப்பவர்களில் பன்னிரண்டு குடும்பங்களுக்குப் புது வீடு கிடைக்கப்போகிறது. அவர்களின் பெயருக்கு எதிரே டிக் போட்டு ஈப்போவில் இருக்கும் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். தங்கையா அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்.

மறுநாள் காலை இருவரும் லேண்ட்ரோவரில் எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் போனார்கள். தவமலரின் மடியில் லேப்டாப் திறந்தே கிடந்தது. அவள் கைபேசியில் லைன் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், திரையில அம்பு தானா ஓடுது பாருங்க.”

“ரோடு அப்படி அங்கிள்.”

“ரோடு ஆடினா வண்டி ஆடும். அம்பு ஏன் ஆடணும்?”

“அது அப்படித்தான்லா,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

எஸ்டேட் கேட் பக்கம் வந்ததும் லைன் கிடைத்தது. பட்டியலை அனுப்பினாள்.

மதியம் கேட்டுக்குப் போய்ப் பார்த்தபோது மேனேஜர் கையெழுத்தோடு அது திரும்பி வந்திருந்தது. தங்கையா அச்சடித்துப் பலகையில் ஒட்டினார். ஒட்டிவிட்டு உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் வெளியே சத்தம் கேட்டது.

“யோவ் கிராணி, வெளிய வாய்யா! முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடுத்தவ பேர் எங்கய்யா?”

அம்மாக்கண்ணு. பின்னால் நாலைந்து பெண்கள்.

“பாக்குறேன் அம்மாக்கண்ணு.”

“என்னத்த பாக்குற? உன் கூழுல உப்பு இல்லன்னு சொன்னதுக்கு வீட்டையே புடுங்குவியா?”

இரண்டு வருஷத்துக்கு முன் மாரியம்மன் திருவிழாவில் தங்கையா கூழ் ஊற்றினார். அம்மாக்கண்ணு அவ்வளவு பேர் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. எஸ்டேட்டுக்கே தெரிந்த கதை.

தங்கையா உள்ளே நின்ற தவமலரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

தவமலர் லேப்டாப்பைத் திறந்தாள். முந்தின நாள் சாயங்காலம் சேமித்த பட்டியலில் அம்மாக்கண்ணுவுக்கு டிக் இருந்தது. அனுப்பிய பட்டியலில் இல்லை; அதைக் கடைசியாக மாற்றிய நேரம் காலை பத்து நாற்பத்திரண்டு. அப்போது அவள் லேண்ட்ரோவரில் இருந்தாள். ஜாக்கெட் பையிலிருந்து மவுஸை எடுத்துத் திருப்பினாள். அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. வண்டி தூக்கிப்போட்ட போதெல்லாம் பைக்குள் கிடந்தபடியே அது நகர்ந்து, அமுங்கி, அம்மாக்கண்ணுவின் டிக்கை எடுத்துவிட்டிருக்கிறது.

டிக்கைத் திரும்பப் போட்டாள். கேட்டுக்கு நடந்துபோய்ப் பட்டியலை மறுபடி அனுப்பிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள்.

“என்ன தவமலர், சிஸ்டம் பிரச்சினையா?” அவரே எடுத்துக் கொடுத்தார்.

“...ஆமா சார்.”

“கிராணி ஏதும் மாத்தச் சொல்லலையே?”

“இல்ல சார். சிஸ்டம்தான்.”

பழியைத் தங்கையா மேல் போடவில்லையே என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

நாலு மணிக்குப் புதுப் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஜன்னலோரம் நின்றவளுக்குக் குழாயடிப் பேச்சு கேட்டது.

“சத்தம் போட்டதும் பேரு வந்துருச்சு பாத்தியா?”

“அப்ப எடுத்தது அவருதான்.”

“பிரிவுபசாரத்துக்கு நான்தான் மாலை கட்டுறேன்னு சொல்லியிருந்தேன். இனி அவரே கட்டிப் போட்டுக்கிடட்டும்.”

கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவள் சத்தமில்லாமல் திருத்தியதே அந்த மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

தங்கையா மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

“அங்கிள், காலையில அம்பு ஓடுதுன்னு சொன்னீங்க.”

“ம்.”

“அவங்க கத்தும்போது ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க நாளைக்கு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆளுங்க முன்னால நடப்பீங்க? நான் எப்படியும் போற ஆளு.”

“போற ஆளுன்னா கெட்ட பேரோடயா போகணும்?”

அவர் செக்ரோல் புத்தகத்தை நேராக நகர்த்தி வைத்தார். “முப்பத்தெட்டு வருஷம் இவங்க பேரை எழுதினேன் மிஸ். ஒருத்தர் பேரையும் விட்டதில்ல. எனக்குத் தெரியும், அது போதும்.” போதும் என்றபோது குரல் கொஞ்சம் பிசகியது.

மறுநாள் விடிந்ததும் பெரட்டு, ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் நேரம். பனிக்குள் ஆட்கள் பேர் கொடுக்க நின்றார்கள். வங்காளதேசத்து ஆட்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் ஒரு பக்கம். தவமலர் முன்னால் போய் நின்றாள். கையில் மவுஸ்.

“அம்மாக்கண்ணு அக்கா பேரை எடுத்தது கிராணி இல்ல. நான்தான். இதை அணைக்காம பையில போட்டுட்டேன். இது அமுங்கித்தான் பேரு போச்சு. அங்கிள் அப்பவே சொன்னாரு, நான் கேக்கல. நேத்தே எனக்குத் தெரியும். சொல்லல.”

அம்மாக்கண்ணு தங்கையா பக்கம் திரும்பினாள்.

“நேத்து வாயில என்னய்யா வச்சிருந்த, கொழுக்கட்டையா?”

“பேசினா நீ கேப்பியா?”

“கேட்டிருக்க மாட்டேன். ஆனா கூழுல உப்பு இல்ல. அதுல மாத்தமில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையாவும் சிரித்தார். தவமலரால் முடியவில்லை. அம்மாக்கண்ணு அவளிடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்:

“நேத்தே சொல்லியிருக்கலாம் புள்ள. சாமி விளக்கு முன்னால நின்னு இந்த மனுஷன் குடும்பத்தையே சபிச்சேன். அதை எங்க போய்த் திருப்பி வாங்குவேன்?”

தவமலர் கையிலிருந்த மவுஸை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

தவமலர் ஊருக்குக் கிளம்பும்போது தங்கையா வண்டியருகே வந்தார். “மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“விடுங்க மிஸ். பேரு வந்துருச்சுல்ல. இங்க சொன்னதே போதும்.”

லேண்ட்ரோவர் கேட்டுக்கு வந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கினாள். லைன் இருந்தது.

“சொல்லுங்க தவமலர். சிஸ்டம் சரியாயிடுச்சா?”

“சார், சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகல.”