பதிவெண் கேட்டார்கள்

என் கணவன் எலியோதோரோவை எங்கள் ஊர் வைராபம்பாவில் எல்லாரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டிக்கடைக்காரி, போலீஸ்காரர், பாதிரியார், அவனிடம் வேலை பார்த்த கொத்தனார்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. என்னை எடெல்மிரா என்றோ மிர்த்தாவின் அம்மா என்றோ அழைப்பார்கள். ஆனால் சட்டப்படி அவன் இன்ஜினியர் இல்லை. நான்தான் இன்ஜினியர்.

இரண்டு பேரும் வான்காயோ நகரக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தோம். ஐந்து வருடப் பாடத்தையும் ஒன்றாகவே முடித்தோம். எங்கள் பெரு நாட்டில் பாடத்தை முடித்தால் மட்டும் போதாது. ஆய்வேடு எழுதி, மூன்று பேராசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொன்னால்தான் பட்டம். பட்டத்தோடு பொறியாளர் சங்கத்தில் சேர்ந்து உறுதிமொழி எடுத்தால்தான் பதிவெண்ணும் முத்திரையும். அந்த எண் இல்லாதவன் பாலத்தையே மனதுக்குள் கணக்குப் போட்டாலும் அவன் கையெழுத்து வெறும் கையெழுத்துதான்.

ஆய்வேடு எழுத உட்கார்ந்தபோது மிர்த்தா என் வயிற்றில் ஆறு மாதம். வீட்டில் இருந்தது ஒரே கணினி. யாராவது ஒருவர் வேலைக்குப் போயாக வேண்டும்.

"நீ முடி எடெல். எனக்கு எழுதினா பாதியில கோடு கோணிப் போயிடும். நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்றான்.

அடுத்த வருடம் வரவே இல்லை. சாலை போடும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். அவர்களுக்கு அவன் மூளைதான் தேவைப்பட்டது. முத்திரையை வேறெங்காவது வாங்கிக்கொள்வார்கள். எனக்கும் கிட்டத்தட்ட அதே சம்பளம்தான், சில வருடங்கள் அவனுடையது கூடுதல். இது போக வருடாவருடம் சங்கச் சந்தா கட்டுவேன். நான் முத்திரை குத்திய சுவர் ஒன்று விரிசல் விட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டியவளும் நானே.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவன் ஆய்வேட்டுக்கான பழைய காகிதக் கட்டை எடுத்துத் தூசி தட்டுவான். "ஆறு மாசம் உக்காந்தா முடிஞ்சிடும்" என்பான்.

"முடிச்சு என்ன பண்ணப் போற? சந்தா கட்டப் போறியா? ஊரே உன்னை இன்ஜினியர்ங்குது, அப்புறம் என்ன?" என்று நான் சிரிப்பேன்.

அவனும் சிரித்துவிட்டுக் கட்டைக் கட்டி வைத்துவிடுவான். காகிதத்தால் பயனில்லை என்று நான் அப்போது நம்பியதும் உண்மைதான். அந்த ஆறு மாதம் வீட்டை நான் ஒருத்தியே இழுக்க வேண்டியிருக்கும் என்ற அலுப்பும் உண்மைதான். எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை ஒரு காண்டிராக்டர் பள்ளிக்கூடச் சுவரின் வரைபடத்தோடு வீட்டுக்கு வந்தான். சுவர் எங்கே இருக்கிறது என்றுகூட நான் பார்த்ததில்லை.

"ஒரு நிமிஷ வேலைங்க. பேனாகூட நானே கொண்டாந்திருக்கேன்."

அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து வேலைகள் எனக்கு வருவது நின்றுபோயிற்று. எலியோ அன்று சாப்பிடும்போது, "பேனாவையாவது பிடுங்கி வச்சிருக்கலாம்ல?" என்று கேலி செய்தான். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, "பாக்காத எதுலயும் போடாத எடெல். அவன் கேட்டாலும் சரி, நானே கேட்டாலும் சரி" என்றான்.

அந்த பிப்ரவரியில் மழை விடவே இல்லை. என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். தலைநகர் லிமாவில் ஆபரேஷன். நான் அவளோடு போயிருந்தேன். மிர்த்தா வான்காயோவில் கல்லூரி விடுதியில் இருந்தாள், சிவில் இரண்டாம் வருடம்.

எலியோ வேலைக்குப் போகும் வழியில் அன்காமாயு ஆற்றுப் பாலத்தைக் கடப்பான். ஊருக்கும் சந்தைக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு பாலம்தான். புதன்கிழமை காலை நடுத்தூணின் தலைப்பக்கம் ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறான். அதன் குறுக்கே கொஞ்சம் ஜிப்சத்தைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனான். மாலையில் திரும்பி வந்தபோது பூச்சு இரண்டாகப் பிளந்திருந்தது. தூண் நகர்கிறது என்று அர்த்தம். மறுநாள் வேலைக்குப் போகாமல் நீளக் கழியும் கயிறும் எடுத்துப்போய், தூணின் அடியில் தண்ணீர் எவ்வளவு மண்ணை அரித்திருக்கிறது என்று அளந்தான். அஸ்திவாரத்தின் பாதி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. உட்கார்ந்து பதினோரு பக்கம் அறிக்கை எழுதினான். பாலத்தை உடனே மூட வேண்டும் என்பது முதல் வரி.

வெள்ளிக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் நடந்ததை போமா பிறகு என்னிடம் சொன்னார். மனுக்களை வாங்கும் எழுத்தர் அவர், எலியோவோடு கால்பந்து ஆடியவர்.

"வாங்க இன்ஜினியர், உக்காருங்க" என்றாராம். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இங்க பதிவெண் போடணுமே" என்றாராம்.

"எனக்கு இல்லன்னு உனக்குத் தெரியாதா போமா?"

"தெரியும். ஆனா நம்பர் இல்லாத அறிக்கைய நான் வாங்கினா எனக்கு மெமோ வரும். பாலத்த மூடுன்னா சும்மாவா? சந்தை, பஸ்ஸு, மேயரு... நீங்க ஒரு மனுவா எழுதிக் குடுங்களேன், ஊர்க்காரன்ங்கற முறையில. முப்பது நாளுக்குள்ள பதில் வரும்."

"முப்பது நாள் அந்தத் தூண் நிக்காதுய்யா."

"வீட்டம்மாவப் போடச் சொல்லுங்க. அவங்க முத்திரை இருந்தா இப்பவே வாங்கறேன்."

எலியோ மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தான். தெரிந்த இன்ஜினியர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒருவர் எடுக்கவில்லை. மற்றவர் மேயரின் வேலை செய்துகொண்டிருந்தார். கடைசியாக என்னைக் கூப்பிட்டான். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னான். அளவுகளைச் சொன்னான். "போட்டோ அனுப்பறேன். நீ அங்கயிருந்தே போட்டு அனுப்ப முடியுமா?" என்றான்.

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்ல வேண்டும்.

"நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன் எலியோ. திங்கக்கிழமை முதல் பஸ்ல வந்துடறேன். என் கண்ணால தூணைப் பாத்துட்டு அங்கயே போடறேன்."

"ஞாயித்துக்கிழமை சந்தை இருக்கே."

"உன் கணக்கு தப்புன்னு நான் சொல்லல."

"தெரியும்."

"பாக்காம எப்படிடா போடறது?"

"சரிதான். நான்தானே அப்படிச் சொன்னேன்" என்றான். பிறகு, "அம்மா கஞ்சி குடிச்சாங்களா?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஞாயிறு விடிந்ததும் அவன் கயிற்றை எடுத்துப்போய்ப் பாலத்தின் முகப்பில் குறுக்கே கட்டி, அதில் எங்கள் சிவப்புப் போர்வையைத் தொங்கவிட்டான். சந்தைக்குப் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, மேல்பாதை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னான். அது இரண்டு மணி நேர நடை.

"யாரு மூடச் சொன்னது? ஊராட்சியா?" என்று பாலாடைக்கட்டி விற்கும் பெண் கேட்டாள்.

"நான்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னா எங்களுக்குப் போதும் இன்ஜினியர்" என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மேல்பாதையில் ஏறினாள். அவளைப் பார்த்துப் பலர் ஏறினார்கள். வேறு சிலர், "இவருக்கு என்ன, மழையில மூளை ஊறிப்போச்சா?" என்று திட்டிக்கொண்டு கயிற்றின் அடியில் நுழைந்து போனார்கள்.

எட்டு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். "ஊராட்சிக் கடுதாசி இருக்கா?"

"இல்ல."

"அப்ப கயித்த அவுருங்க இன்ஜினியர். என்னை வம்புல மாட்டிவிடாதீங்க."

அவரே அவிழ்த்தார். எலியோ சண்டை போடவில்லை. முகப்பிலேயே நின்றுகொண்டு, ஒவ்வொருவராகப் போங்கள், சுமையை வைத்துவிட்டுப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள் என்று மூன்று மணி நேரம் கெஞ்சிக்கொண்டிருந்தான். போர்வையை மடித்துத் தோளில் போட்டிருந்தானாம்.

பதினோரு மணிவாக்கில் வில்மர் என்பவன் மூன்று சக்கர வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு வந்தான். எலியோ கையை விரித்து மறித்தும் அவன் வண்டியை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நடுத்தூணின் மேல் வண்டி நின்றுபோனது. வில்மர் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டிருந்தபோது எலியோ ஓடினான்.

"'வண்டிய விட்டுட்டு ஓடு'ன்னு கத்தினாரு" என்று வில்மர் என்னிடம் சொன்னான். "எங்கண்ணனோட வண்டிங்க, விட மனசு வரல. சட்டையப் பிடிச்சு இழுத்து முதுகுல ஒரு தள்ளு தள்ளினாரு. எனக்குப் பின்னால அவரு ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. நாலு எட்டுதாங்க. அப்புறம் அந்தச் சத்தம் இல்ல."

திங்கட்கிழமை, சொன்னபடியே, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். கரையில் நின்று தூணைப் பார்த்தேன். பாதி சரிந்து கிடந்தது. அடியில் மண் அரித்திருந்த ஆழம் அவன் சொன்ன அளவுதான். அவனைப் புதன்கிழமை ஆற்றோடு கீழே இரண்டு ஊர் தாண்டி, நாணல்களுக்கு நடுவே கண்டெடுத்தார்கள்.

இறப்பைப் பதிவு செய்யப் போனேன். அங்கே இருந்தவள் சின்னப் பெண், குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். பெயர், வயது, ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்து, "தொழில்?" என்றாள்.

"இன்ஜினியர்."

"பதிவெண் சொல்லுங்கம்மா."

"கிடையாது."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எண் போடாம இது நகர மாட்டேங்குதும்மா. கட்டுமானத் தொழிலாளின்னு போடட்டுமா?"

போடச் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

பாலத்தை மூடாத ஊராட்சி அதிகாரிகள் மேல் வழக்கு நடந்தது. பதிவெண் இல்லாதவர் எழுதியதை நிபுணர் அறிக்கையாக ஏற்க முடியாது என்றார் அரசு வக்கீல். என்னுடைய அறிக்கையையும் ஏற்க முடியாதாம், நான் மனைவி. உள்ளூரில் யாரும் மேயருக்கு எதிராக எழுத முன்வரவில்லை. எட்டு மாதம் கழித்து அயாகூச்சோவிலிருந்து உர்பீனா என்ற இன்ஜினியர் வந்தார். இரண்டு நாள் ஆற்றில் இறங்கி அளந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"புதுசா எழுத எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் போட்ட எண்ணுல ஒண்ணக்கூட என்னால மாத்த முடியல."

எலியோவின் அறிக்கையிலேயே அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். கோர்ட்டில் அன்றே வாங்கிக்கொண்டார்கள். தீர்ப்பில் இரண்டு அதிகாரிகளுக்கு ஆறு மாதப் பணி இடைநீக்கம். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

போமா ஒரு நாள் ரொட்டியோடு வந்தார். வாசலிலேயே நின்றார். "நான் அன்னிக்கு வாங்கியிருந்தாலும் மேயர் மேசையிலதாம்மா கிடந்திருக்கும். பாலத்த மூடியிருக்க மாட்டாங்க" என்றார். அப்படியும் இருக்கலாம். அதை நம்பித்தான் அவர் தூங்குகிறார். எனக்கு அந்த வசதி இல்லை. என் முத்திரை இருந்திருந்தால் போலீஸ்காரர் அந்தக் கயிற்றை அவிழ்த்திருப்பாரா என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

அடக்கம் முடிந்த வாரம் மிர்த்தா என்னிடம் கேட்டாள். அப்போது அவள் அழுகை நின்றுபோயிருந்தது.

"வேற யாராவது கேட்டிருந்தா பாக்காம கையெழுத்துப் போட்டிருப்பியாம்மா?"

"மாட்டேன்."

"அப்பா கேட்டும் போடல."

"ஆமா."

"அவரு கணக்கு தப்பாப் போட்டு நீ என்னிக்காவது பாத்திருக்கியா?"

"இல்ல."

அவள் எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. படிப்பை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விட்டிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன், தடுக்க என்னிடம் என்ன சொல் இருக்கிறது? அவள் விடவில்லை. விடுமுறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். தொலைபேசியில் மழை, சமையல், பாட்டியின் உடம்பு, இவ்வளவுதான் பேசுவாள். பாலத் தூண்களின் அடியை ஆறு அரிப்பதைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினாள் என்பதை அவள் தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் வான்காயோவில் அவள் சங்கத்தில் உறுதிமொழி எடுத்தாள். என்னைக் கூப்பிட்டிருந்தாள். இருபது முப்பது பேர் வரிசையாக நின்று கையை உயர்த்தினார்கள். அவள் பெயரைப் படித்து எண்ணைப் படித்தபோது எல்லாரையும் போல நானும் கை தட்டினேன்.

விழா முடிந்து ஒரு சின்னக் கடையில் சூப் குடித்தோம்.

"அயாகூச்சோ பக்கம் வேலை கிடைச்சிருக்கு. பழைய பாலங்களைப் பரிசோதிக்கற வேலை. அடுத்த வாரம் போறேன்" என்றாள்.

"தனியாவா?"

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

இத்தனை வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் குனிந்து சூப்பில் ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி அப்படியே எலியோவின் நெற்றி.

"அங்க குளிரு ஜாஸ்தி. கம்பளிச் சட்டை ரெண்டு எடுத்துக்க" என்றேன்.

"சரிம்மா" என்றாள்.